உனக்காக நின்ற தறிகள்

மைக்கின் தலையில் மாட்டும் கறுப்பு ஸ்பாஞ்சு உறை மேசை இழுப்பறையில் கிடந்தது. இன்று காலை கையில் அகப்பட்டதும் மூக்கருகே கொண்டுபோனேன். கிராம்பு வாசனை. நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வரப்போகிறது. அந்த உறையை நான் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தும் இருக்கிறேன். அப்படியும் போகவில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் லேசில் காலி செய்யாத ஆள்தானே நீ.

கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டுதான் ஒவ்வொரு பதிவையும் தொடங்குவாய். மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “முசரவாக்கம். காலை. மேகமூட்டம். தறியில் சிவராமன், பக்கத்தில் அவர் மனைவி. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு” என்பாய். இசை ஆய்வில் கருவாட்டுக் குழம்புக்கு என்ன வேலை என்று நான் சண்டை பிடிப்பேன். “ஏட்டி பிசிக்ஸு, குழம்பு கொதிச்சா அந்தக்கா எந்திரிச்சுப் போவாங்கல்லா? தறி நின்னுரும். பெறவு உன் கிராஃபு ஏன் நின்னுச்சுன்னு யாருட்ட போய்க் கேப்ப?” என்பாய். என் பெயர் கலா என்பது உனக்குத் தெரியும். இருந்தும் எங்கள் கல்லூரியில் நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் உனக்கு பிசிக்ஸுதான்.

நம் கட்டுரை போன மாதம் ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தது. ஏற்றுக்கொள்வதாகத்தான் சொல்கிறார்கள். சின்னச் சின்னத் திருத்தங்கள், கூடவே ஒரு பெரிய கேள்வி. எங்கள் தெருவின் ஒலியை மாதக்கணக்கில் பதிவு செய்தோமே, அதில் ஒரு நாள் விடிந்ததிலிருந்து மதியம்வரை தறிச் சத்தம் அறவே இல்லை. கருவிக் கோளாறு என்றால் அந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் காரணம் எழுதுங்கள் என்கிறார்கள். அது எந்தக் காலை என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. ‘பொறாமையாக இருந்தது’ என்றுதான் முதலில் எழுதினேன். இறந்தவர்களுக்கு அப்படித்தான் எழுத வேண்டும் போலும் என்று நினைத்தேன். பொய்யாகப் பட்டது, அடித்துவிட்டேன். செத்தவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று நீ கேட்பாய். நான் படுகிறேன். அந்தக் காலையில் உனக்குக் கிடைத்த ஒன்று எனக்குக் கிடைக்குமா என்று தெரியவில்லை, அதனால் படுகிறேன்.

நீ வந்த புதிதில் ஆசிரியர் அறையில் நான் மடிக்கணினியைத் திறந்துவைத்து ஒரு கோவில் மணியின் ஒலிப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக ஒலியின் ஏற்றம். பட்டை பட்டையாக நிறங்கள். நீ தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாய்.

“இது என்ன, சேலை டிசைனா?”

“மணியோசை.”

“யாரு அடிச்ச மணி?”

எனக்குத் தெரியவில்லை. அதுவரை அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை துணை ஒலிகள் என்றெல்லாம் கேட்டிருந்தால் மளமளவென்று சொல்லியிருப்பேன். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நேற்று வந்தவள், எங்கள் ஊர் மணியைப் பற்றி என்னிடம் கேட்டு என்னைத் திணற வைத்துவிட்டாளே என்று.

அப்புறம் சேர்ந்தே ஆய்வு செய்யலாம் என்று நீதான் ஆரம்பித்தாய். மேடையில் பாடுவதை ஆராய ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தறி நெய்யும்போது போனில் நாள் முழுக்க ஓடும் பாட்டை யார் ஆராய்ந்தார்கள் என்றாய். எனக்கும் பிடித்திருந்தது. என் துறைக்காரர்களுக்கு இசை என்பது காற்றின் அதிர்வு. உளவியல்காரர்களுக்கு அது மூளையின் வேலை. உன் ஆட்களுக்கோ அது மனிதர்கள் ஒருவரோடொருவர் செய்துகொள்ளும் காரியம். இந்த மூன்று கூட்டத்தையும் ஒரே கருத்தரங்கில் உட்காரவைத்தால் சாப்பாட்டு வேளையில் மட்டும்தான் ஒத்துப்போவார்கள். நாம் இரண்டு பேரும் அதற்குக்கூட ஒத்துப்போனதில்லை. உனக்குப் புளிக்குழம்பு ஆகாது.

தங்க இடம் தேடினாய். எங்கள் அம்மா வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது என்று சொன்னது நானேதான். யாரை நோவது? கல்யாணமாகி நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அடுக்குமாடிக்குப் போன பிறகு அம்மா கீழே தனியாக இருந்தாள். அப்பா நெய்த தறியில் பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அண்ணன் நெய்துகொண்டிருந்தார். மாடி அறையில் நான் படித்த மேசை, என் அலமாரி, என் ஜன்னல். நீ ஒரு பெட்டியும் ஒரு ரெக்கார்டருமாக வந்து அதில் ஏறி உட்கார்ந்தாய்.

ஒரு மாதம் கழித்து வந்தேன். அடுப்பில் காய்ந்த பாலின் ஏட்டை அம்மா ஒரு கிண்ணத்தில் வழித்து, சர்க்கரை தூவி, மாடிப்படி ஏறினாள். என் வயிறு எரிந்தது. நான் அதிகப்படுத்திச் சொல்வதாக நினைக்காதே. அந்த ஏடு நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எனக்கு மட்டுமே உரியது. அப்பா கேட்டால்கூட அம்மா தரமாட்டாள்.

“அது என்னோடதில்ல?” என்று கேட்டேவிட்டேன்.

“நீதான் டயட்டுன்னு சொல்லிக்கினு இருக்கிறியே. அது ஒண்டியா கெடக்குது மாடில, பாவம். கண்ணு கெறங்கிப் போயிருக்குது எழுதி எழுதி” என்றாள் அம்மா.

எழுதி எழுதி எனக்கும்தான் கண் கிறங்கியிருந்தது. அதைப் பார்க்க அடுக்குமாடியில் ஆளில்லை.

நம் முதல் ஆய்வை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரே சுவரில் மாட்டிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் நாளடைவில் ஒரே ஆட்டத்துக்கு வந்துவிடும் என்று நான் வகுப்பில் நடத்துவேன். பாட்டின் தாளமும் நெய்பவரின் கையும் அப்படித்தான் ஒன்றையொன்று இழுக்கும் என்பது என் கருதுகோள். தறியின் பலகையில் ஒரு சின்ன உணரியை ஒட்டினேன். இழையை அடித்துச் சேர்க்கும் ஒவ்வொரு அடியும் அதில் பதிவாகும். போனுக்குப் பக்கத்தில் மைக் வைத்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. துள்ளல் பாட்டு ஓடினால் அடி வேகம். அம்மன் பாட்டோ பழைய சோகப் பாட்டோ ஓடினால் அடி நிதானம். பாட்டு கையை இழுக்கிறது! சென்னையில் ஒரு கருத்தரங்கில் அதைக் காட்டினேன். பெரிய பெரிய ஆட்கள் தலையாட்டினார்கள்.

நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். கையைத் தூக்கினாய்.

“ஒரு சின்ன சந்தேகம். பாட்ட மாத்துனது யாரு?”

“யாரும் மாத்தல. போன் அதுபாட்டுக்கு ஓடும்” என்றேன்.

“இல்லையே. சேலைக் கரையையும் உடலையும் சேக்குற வேலை வரும்போதெல்லாம் ஏகாம்பரம் அண்ணன் கை போனுக்குப் போவுதே. மெதுவான பாட்டா தேடி வைக்காரு. வெறும் உடலு நெய்யும்போது துள்ளலுக்கு மாத்துதாரு. நான் தெனமும் பாக்கேன்.”

அரங்கில் ஒரு சலசலப்பு. பாட்டு கையை இழுக்கவில்லை, வேலைதான் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. என் படங்களில் பாதி அந்த நிமிடமே செத்துப்போயின. நீ என்னைக் கவிழ்க்க வேண்டும் என்று கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். உனக்கு அப்போதுதான் தோன்றியது, கேட்டுவிட்டாய். அதுதான் எரிச்சல். அது என் வீட்டுத் தறி. என் அப்பா கால் வைத்த குழி. அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் நான். பார்த்தது நீ.

திரும்பி வரும் பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய். தோளை உருவிக்கொள்ளலாமா என்று சுங்குவார்சத்திரம்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். கிராம்பு வாசனை. உருவவில்லை. ஆனால் யோசித்தேன்.

என் முறையும் வந்தது. வராமல் போகுமா? நீ தறி வீடு தறி வீடாகப் போய்ப் பேட்டி எடுத்தாய். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். “பாட்டா? அது காதுல வுழறதே இல்லமா. சும்மா ஓடிக்கினு இருக்கும்.” அதை வைத்து நீ ஒரு கோட்டை கட்டினாய். இது இசை கேட்பதே அல்ல, சுவர்போல, வெளிச்சம்போல ஒரு சூழல் மட்டுமே என்று. உன் துறையில் அதற்கு அழகான பெயர்கூட இருந்தது. நானும் விட்டுவிட்டேன். ஆனால் என் வரைபடத்தில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கங்கே அடி தடுமாறுகிறது. அந்த இடங்களையெல்லாம் காதில் போட்டுக் கேட்டேன். அத்தனையும் விளம்பரம். காசு கட்டாத பாட்டுச் செயலியில் பாட்டுக்கு நடுவே ஒருத்தி கத்துவாளே, அவள்தான். அவள் வாயைத் திறந்ததும் பலகை அரை நொடி தயங்குகிறது. காதில் விழவே இல்லை என்று சொன்னவர்களின் கைக்கு அவள் வந்தது தெரிந்திருக்கிறது.

உனக்குக் காட்டினேன். முகம் வாடுவாய் என்று காத்திருந்தேன். நீ என்னைக் கட்டிப்பிடித்து மாடியில் ஒரு சுற்று சுற்றினாய். “ஏட்டி! அவங்க சொல்லுததும் நெசம், உன் கிராஃபு சொல்லுததும் நெசம். ரெண்டுக்கும் நடுவுலதான் இசை இருக்கு!” என்று கத்தினாய். அடுத்த கருத்தரங்கில் அதையே ஒரு கதையாகச் சொன்னாய். விளம்பரக்காரியின் குரலில் பேசிக்கூடக் காட்டினாய். என் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தாய், என் பெயரைச் சொல்லித்தான் முடித்தாய். கைதட்டல் உனக்குத்தான் விழுந்தது. நான் சொன்னால் அது புள்ளிவிவரம், நீ சொன்னால் அது செய்தி.

அதைவிட மோசம் உன் கோர்வைக் கதை. வெவ்வேறு துறைகள் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று யார் கேட்டாலும் உடனே ஆரம்பித்துவிடுவாய். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும், ஊடிழை ஓட்டும் நாடாவைத் தனித்தனியாக வைத்து நெய்து இடையில் பூட்டுவார்கள், அதற்கு இரண்டு பேர் வேண்டும், அப்படித்தான் நானும் பிசிக்ஸும் என்று. எங்கள் வீட்டுத் தொழிலை எங்களுக்கே பொன்னாடையாகப் போர்த்துவது உனக்குத்தான் வரும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “கோர்வையில பக்கத்துல உக்காந்து நாடா தள்ளுறவங்க பேர் எந்தச் சேலையிலயாவது தெரிஞ்சிருக்கா? அதையும் சொல்லு.” அடுத்த மேடையில் அதையும் சொன்னாய். “பக்கத்துல உக்காந்து நாடா தள்ளுதது நான்தான், நெய்யுதவ அவ” என்றாய். அதற்கும் கைதட்டல். உன்னோடு சண்டை போட்டு ஜெயிக்க வழியே இல்லை.

மூன்றாவது கட்டமாகத்தான் தெரு. ஒரு வீடு வேண்டாம், தெரு முழுக்க எப்படி ஒலிக்கிறது, எந்த நேரத்தில் தறிகள் கூடுகின்றன, குறைகின்றன என்று நீண்ட காலப் பதிவு எடுக்கலாம் என்றேன். மொட்டை மாடியில் ஒரு பெட்டி, மழை படாமல் ஒரு கூரை, ராப்பகலாக ஓடும் ரெக்கார்டர். அம்மா சரி என்றுவிட்டாள், வேலை முடிந்தது என்று நினைத்தேன். நீ விடவில்லை.

“பெட்டி உங்க அம்மா வீட்டுல இருக்கு. காது தெரு முழுக்க இருக்கே. அளக்குறதுக்கு முன்னாடி கேக்கணும்ட்டி.”

வீடு வீடாகப் போனாய். யார் பேசுவதும் புரியாத தூரத்தில்தான் மைக் இருக்கிறது என்று விளக்கினாய். எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டுகிறேன் என்று “நான் வந்துக்கினு, கேட்டுக்கினு, போய்க்கினு” என்று தப்புத் தப்பாக அடுக்கினாய். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “எங்க சண்டையும் அதுல வுழுமாம்மா?” என்று ஒருத்தி கேட்க, “சத்தம் வுழும், விசயம் வுழாது” என்றாய். அதற்கும் சிரிப்பு. ஒரு வீட்டில் காப்பி, ஒரு வீட்டில் மோர், ஒரு வீட்டில் வாசலிலேயே உட்காரவைத்து மல்லிகை வைத்துவிட்டார்கள். நான் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன். அந்தத் தெருவில் பிறந்தவள் என்று என்னை யாரும் தனியாக விசாரிக்கவில்லை. “இன்னா கலா, இளைச்சுட்ட” என்றார்கள், அவ்வளவுதான்.

பிறகு அந்த நாள். ஐயம்பேட்டையில் ஒரு பதிவை முடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிடித்து வைக்க முடியவில்லை. நான் வெளியூரில் தேர்வுப் பணியில் இருந்தேன். மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தேன். அதற்குள் உன்னைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். உன் அண்ணன் தெற்கேயிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். ஊருக்கு எடுத்துப்போவதாக ஏற்பாடு.

தெருமுனையில் இறங்கி நடந்தேன். ஏதோ சரியில்லை. காது அடைத்துக்கொண்டதாக நினைத்து எச்சிலை விழுங்கினேன். இரண்டு தரம் விழுங்கியும் சரியாகவில்லை. பத்து வீடு தாண்டிய பிறகுதான் தெரிந்தது, தறி எதுவும் ஓடவில்லை. பாட்டும் இல்லை. வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலில் கைகட்டி நிற்கிறார்கள். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. உன்னை இன்னும் பார்க்கவில்லை, அழுகை இன்னும் வரவில்லை. முதலில் வந்தது இதுதான். இவளுக்கா? தறியை நிறுத்தியா?

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், உனக்கு வேண்டாம். எங்கள் தெருவில் தறிக்காரர் வீட்டில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை தெரு முழுக்கத் தறி நிற்கும். அது தறிக்காரர் வீட்டுக்கு மட்டும்தான். வாடகைக்கு இருந்தவர்களுக்குக் கிடையாது. எதிர் வீட்டு மாடியில் பல வருஷம் குடியிருந்த வங்கிக்காரர் போனபோது தெருவே வந்து மாலை போட்டது, வந்தவர்கள் திரும்பிப் போய்த் தறியில் உட்கார்ந்தார்கள். யாருக்கும் அதில் வருத்தமில்லை. வழக்கம் அப்படி. என் அப்பாவுக்கு நின்றது. எனக்கு அப்போது அந்த அமைதிதான் பெரிய மாலையாகத் தெரிந்தது.

ஏகாம்பரம் அண்ணன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

“உங்கம்மாதாம்மா. விடியக்காலைல நாங்க பலகைல கைய வெக்கிறோம், வாசப்படில வந்து நின்னுக்கிச்சு. ‘எங்க வீட்டு சாவு இது, தறிய நிறுத்துங்கபா’ன்னு ஒரே குரல். அவ்ளோதான். எங்க வீட்டு சாவுன்னு சொன்னப்புறம் எவன் ஓட்டுவான்? நாலாவது வீட்டுக்காரன் முந்தான நெய்துக்கினு இருந்தான், நாடாவ அப்படியே போட்டுட்டு எழுந்து வந்துட்டான்.”

அம்மா உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் தோளைத் தொட்டேன். “வந்துட்டியா” என்றாள். அவ்வளவுதான். மதியம் வண்டி வந்தது. உன்னை ஏற்றினார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் முதல் தறி ஓடத் தொடங்கியது, அப்புறம் அடுத்தது, அப்புறம் எல்லாம். மொட்டை மாடியில் பெட்டி ஓடிக்கொண்டிருந்ததை அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை.

அந்தக் காலையைத்தான் நீக்கச் சொன்னார்கள். நீக்கினால் முடிவு மாறுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். துளியும் மாறாது. ‘விடுபட்ட தரவு’ என்று ஒரு பெயர் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அழுத்தக் கை போனது. முறைப்படி செய்ய வேண்டும் என்பதற்காகப் போகவில்லை. உனக்குக் கிடைத்தது ஓர் இடத்திலாவது இல்லாமல் போகட்டுமே என்றுதான் போனது. எங்கள் தெரு எங்கள் வீட்டுக்குக் கொடுக்கும் மரியாதையை என் அம்மா எடுத்து உனக்குக் கொடுத்துவிட்டாள். பால் ஏடு போல. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அழுத்துவதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். தறி இல்லை என்றதும் என்னென்ன எழுந்து வருகிறது தெரியுமா! காகங்கள். யார் வீட்டிலோ குழாய்த் தண்ணீர் குடத்தில் விழுகிறது. தூரத்துக் கோவிலில் மேளம். தெருமுனைவரை ஹாரன் அடித்து வந்த ஷேர் ஆட்டோ சட்டென்று அடங்குகிறது. ஒரு போன் துள்ளல் பாட்டோடு அலறுகிறது, அரை வரிக்குள் யாரோ பதறி அணைக்கிறார்கள். அந்தப் பதற்றத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ போனதற்கு அழுதேனா, வயிற்றெரிச்சலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் வந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலு தண்டை எடுத்துக்கொண்டேன்.

“அன்னைக்கி ஏன்மா எங்க வீட்டு சாவுன்னு சொன்ன?”

“பின்ன யார் வீட்டு சாவு அது?”

“குடித்தனக்காரிதானே?”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “தெனமும் ராவுல சோத்த போட்டுக்கினு, இன்னிக்கு இன்னா நடந்துச்சுமான்னு கேக்கும். நீ போன்ல ‘சாப்ட்டியா’ன்னு கேட்டுட்டு வெச்சுடுவ. அது இன்னா சாப்ட்டன்னு கேக்கும். எங்க வீட்டு சாவுதான்.”

கருவாட்டுக் குழம்பு. கையிலிருந்த தண்டை ஆய்ந்து போட்டேன். ஆனாலும் என் கேள்வி எனக்குள் முட்டிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

“நான் போனா தெரு தறிய நிறுத்துமா?”

“வாயில அடிச்சுக்கோ. நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது.” இரண்டு தண்டு ஒடித்த பிறகு அவளே சொன்னாள். “நீ இருக்கறது அடுக்குமாடி. அங்க நிறுத்தறதுக்கு தறியா இருக்குது? லிஃப்ட வேணா நிறுத்துவாங்க.”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு வற்றிப்போய், கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“உன்னிய பத்தி நீ கவலப்படற. எனுக்கு யாரு சொல்லுவா, அத்த நெனச்சியா? மாடில அது இருக்குது, எறங்கி வந்து வாசல்ல நின்னு ரெண்டு வார்த்த சொல்லிடும்னு நிம்மதியா இருந்தேன். அதுகிட்ட சொல்லியும் வெச்சிருந்தேன். சரிம்மான்னுச்சு. அது முந்திக்கிச்சு. இனிமே நீதான் சொல்லணும். சொல்றதுக்கு நீ தெருவுல இருக்கணும்ல?”

அடிப்பாவி. என்னிடம் நீ சொல்லவே இல்லையே. விளம்பரத்தையும் நாடாவையும் பற்றி மணிக்கணக்கில் பேசினாயே, இதை வாங்கிக் கன்னத்தில் கிராம்போடு சேர்த்து அடக்கி வைத்துக்கொண்டாயே. என் அம்மாவின் கடைசிக் காரியத்துக்கு வாசலில் நிற்கும் வேலை. அது பெற்ற பெண்ணுக்கு உரியது. அதையும் உன்னிடம் கொடுத்திருந்தாள். இதுவரை உன்மேல் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் பிள்ளை விளையாட்டு.

அன்றைக்கே மாடி அறைச் சாவியை வாங்கிக்கொண்டேன். வாரத்தில் பாதி நாள் இங்கேயிருந்தே கல்லூரிக்குப் போகிறேன். கணவர், “திடீர்னு என்ன அம்மா பாசம்?” என்று கிண்டல் செய்கிறார். செய்யட்டும். இந்த மேசை உன்னுடையதா என்னுடையதா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. இழுப்பறையைத் திறந்தால் நீ வருகிறாய்.

நேற்று கட்டுரையைத் திருத்தி அனுப்பிவிட்டேன். அந்தக் காலையை நீக்கவில்லை. காரணம் எழுதச் சொன்ன இடத்தில் முதலில் ‘உள்ளூர் வழக்கத்தின்படி துக்க அனுசரிப்பு’ என்று எழுதினேன். சரியான வாக்கியம்தான். ஆனால் அதில் யார் என்பது இல்லை. நீ அருகில் இருந்தால் அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்பாய். அடித்துவிட்டு, ‘அன்று காலை தெருவில் தறிகள் ஓடவில்லை. எங்கள் வீட்டில் சாவு. இறந்தவர் இக்கட்டுரையின் முதல் ஆசிரியர்’ என்று எழுதினேன். பெயர்வரிசையில் உன்னை எனக்கு முன்னால் மாற்றிப் போட்டதும் நானேதான். அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்துவிடாதே. பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன்.

நீ விட்டுப்போன வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரே வாக்கியம்தான். எங்க வீட்டு சாவு இது, தறிய நிறுத்துங்கபா. பேருந்தில் போகும்போது, பாடம் நடத்தும்போதுகூட வாய்க்குள் அது உருளுகிறது. அதைச் சொல்லும் நாள் வெகுதூரம் தள்ளிப் போகட்டும். வரும்போது நான் வாசலில் இருப்பேன். அன்றைக்கு எனக்குக் குரல் வருமா என்று தெரியவில்லை. உனக்கு வந்திருக்கும்.

கீழே அம்மா கூப்பிடுகிறாள். புதுப் பதிவு ஒன்று தொடங்க வேண்டும். ஸ்பாஞ்சு உறையை மைக்கில் மாட்டி உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன், நீ செய்வது போல. காஞ்சிபுரம். எங்கள் வீடு. காலை. தறியில் ஏகாம்பரம் அண்ணன், பக்கத்தில் அவர் மனைவி. அடுப்பில் பால் காய்கிறது. ஏடு எனக்கு.